மும்பை நாட்குறிப்பு: வலை, கப்பல், திமிங்கலம்

செப்டம்பர் 8, மாட்டுங்கா

தாதரில் வண்டி வந்து நின்றபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மாட்டுங்காவுக்கு டாக்சி 60 ரூபாய். ஓட்டுநர் மீட்டருக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. பெட்டியை இறக்கி விடுதிப் படி வரை கொண்டுவந்து வைத்துவிட்டே போனார். மும்பை டாக்சிக்காரர்களின் இந்தக் குணம் எத்தனை மழையிலும் மாறுவதில்லை.

மும்பையின் மீன்பிடித் துறையான சசூன் டாக்கில் கரை பிடிக்கும், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். வலையில் திமிங்கலமோ ஓங்கிலோ (டால்பின்) சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும். பயணம் அதற்காகத்தான்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு, 220 ரூபாய். வத்தக்குழம்பு கும்பகோணத்துப் பக்குவத்தில் இருந்தது. அவியலில் தேங்காய் மட்டும் கொஞ்சம் தூக்கல். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஐம்பது வருஷமாக மாட்டுங்காவாசி. வந்த காரியத்தைக் கேட்டதும் அவருடைய முதல் கேள்வி, "ஏம்ப்பா, இந்த அம்பர் கிலோ கோடி ரூபாயாமே, நிஜமா?"

திமிங்கலம் என்றாலே ஊரில் இந்தக் கேள்விதான் வருகிறது. பதிலை விளக்கமாகவே சொல்ல வேண்டியிருந்தது. அம்பர்கிரிஸ் எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. அது விழுங்கும் கணவாய்களின் அலகுகள் செரிக்காமல் தங்கி, அவற்றைச் சுற்றி மெழுகுபோல் ஒன்று சேர்கிறது. நம் நாட்டில் எண்ணெய்த் திமிங்கலம் 1972ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் கரையில் தானாக ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மும்பையிலும் தானேயிலும் ஓட்டல் அறையில் பேரம் பேசும்போது பிடிபடுகிறவர்கள் அநேகமாகக் கடலையே பார்க்காத இடைத்தரகர்கள். மீனவர் கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

"அப்போ அது யாருக்கும் சோறு போடாது" என்று முடித்துவிட்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார் பெரியவர். காபி 45 ரூபாய், டபராவில், நுரையோடு.

செப்டம்பர் 9, சசூன் டாக்

காலை நாலே முக்காலுக்கே கொலாபாவில் கூட்டம். 1875ல் கட்டிய துறையின் கல் வாசலைத் தாண்டியதும் தரை முழுக்கச் செதிலும் ஐஸ் தண்ணீரும். ஒரு செருப்பின் வார் அங்கேயே அறுந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு கோலி மீனவப் பெண்மணி வேலையை நிறுத்தாமலே பக்கத்திலிருந்த நைலான் நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்து, கட்டிக்கொள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார். கேமராவுக்கு அனுமதி கிடையாது. கேட்டாலே முகம் மாறுகிறது. வாவல் நடுத்தர அளவு கிலோ 900 சொல்லி 800க்கு இறங்கியது. பொம்பில் மீன் கூடை கூடையாக வந்துகொண்டே இருந்தது.

தூத்தூர்ப் பக்கத்துப் படகு ஒன்று ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. நெய்மீனுக்கும் சூரைக்கும் வழிவலை, அதாவது கடலில் மிதக்க விடும் வலை, விடுகிறவர்கள். படகை நடத்தும் ஸ்ராங்கு வயதானவர். பேச்சைத் தொடங்கியதுமே நேராகக் கேட்டார்: "திமிங்கலத்த இப்ப யாரு தம்பி வேட்டையாடுகா? நாங்களா?"

நியாயமான கேள்வி. வேட்டையை நிறுத்த உலகம் பட்ட பாடு பெரிது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட பெருந்திமிங்கலங்கள் 29 லட்சத்துக்குப் பக்கம். 1946 டிசம்பரில் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது சர்வதேசத் திமிங்கல ஆணையம். வேட்டையாடும் நாடுகளே கூடி வருஷத்துக்கு மொத்தம் இத்தனை என்று வரம்பு வைத்துக்கொண்ட சங்கமாகத்தான் அது ஆரம்பித்தது. 1979ல் சீஷெல்ஸ் நாடு எழுப்பிய கோரிக்கையில் இந்தியப் பெருங்கடல், தெற்கே 55 பாகை வரை, சரணாலயமானது. இந்தியா 1981ல் ஆணையத்தில் சேர்ந்தது. 1982ல் வணிக வேட்டைக்கு மொத்தத் தடை முடிவானது. 1985–86 பருவத்திலிருந்து அமலுக்கு வந்தது. 'ஆராய்ச்சி' என்ற பெயரில் ஜப்பான் தென்துருவக் கடலில் நடத்திய வேட்டை, அந்தப் பெயருக்குத் தகுதியானது அல்ல என்று 2014 மார்ச்சில் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜப்பான் 2019ல் ஆணையத்தை விட்டே விலகி, இப்போது தன் கடலுக்குள் வேட்டையாடுகிறது. நார்வேயும் ஐஸ்லாந்தும் தடையை ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்ராங்கின் கேள்விக்கு உண்மையான பதில் நம் அரபிக்கடலிலேயே இருக்கிறது. இங்கே கூனல் திமிங்கலத்தில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. மற்ற கூனல் திமிங்கலங்கள்போல் இவை துருவத்துக்கு வலசை போவதில்லை. வருஷம் முழுக்க இந்தக் கடலிலேயே மேய்ந்து இங்கேயே குட்டி போடுகின்றன. 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் 242 கூனல் திமிங்கலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்றன. பொய்க் கணக்கு எழுதினார்கள். 1990களில்தான் உண்மை வெளியே வந்தது. ஓமான் கரையில் எடுத்த கணக்குப்படி மிச்சம் சுமார் 82. அங்கே மசீராவில் 2017 கடைசியில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய லுபான் என்ற பெண் திமிங்கலம் கோவாவுக்கு அப்பால் வந்து, தெற்கே குமரிமுனை வரை போய், மறுபடி ஓமானுக்கே திரும்பியது. "எங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கு" என்று ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

இந்த எண்பதுக்கு இன்றைக்கு எதிரி ஈட்டி அல்ல, வலைக்கயிறு. உலகம் முழுக்க வலையில் சிக்கிச் சாகும் திமிங்கல, ஓங்கில் இனங்கள் வருஷத்துக்கு 3 லட்சம் என்பது நெடுநாளைய மதிப்பீடு.

பெரிய திமிங்கலம் சிக்கினால் செய்யக்கூடாத முதல் காரியம், தண்ணீரில் குதிப்பது. 2017 ஜூலையில் கனடாவின் ஜோ ஹௌலெட், பல திமிங்கலங்களை விடுவித்த மீனவர், படகில் இருந்தபடியே ஒன்றின் கயிறை அறுத்துவிட்ட அடுத்த கணம் அடிபட்டு இறந்தார். அனுபவசாலிக்கே இது நடந்தது.

செய்யக்கூடாத இரண்டாவது காரியம், பின்னால் இழுபடும் கயிறையும் மிதவையையும் முதலில் அறுத்துவிடுவது. எல்லோருக்கும் கை அங்கேதான் போகிறது. கைக்கு எட்டுவதும் அதுதான். ஆனால் காப்பாற்ற வருகிறவர்களுக்குப் பிடிமானம் அந்தக் கயிறுதான். அதை அறுத்தால் வாயிலும் வால் அடியிலும் சுற்றின சுற்று அப்படியே இருக்க, திமிங்கலம் ஓடிவிடும். பிறகு மாதக்கணக்கில் கயிறு சதைக்குள் இறங்கும், இரை எடுக்க முடியாது, மெலிந்து சாகும்.

பயிற்சி பெற்ற குழு செய்வது வேறு. அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுனில் 1984ல் உருவான முறை அது; திமிங்கல ஆணையம் அதையே நாடு நாடாகக் கற்றுக்கொடுக்கிறது. இழுபடும் கயிறில் நாலுமுனைக் கொக்கியை எறிந்து மாட்டி, வேலைக் கயிறு ஒன்றைக் கோத்து, அதில் பெரிய மிதவைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். பழைய வேட்டைக்காரர்கள் பீப்பாய் கட்டி இளைக்க வைத்த அதே தந்திரம். திமிங்கலம் ஆழம் போக முடியாமல் வேகம் தணியும். காற்றடைத்த சிறு ரப்பர் படகு கயிறைப் பிடித்தபடி பின்னால் போகும். அதிலிருந்து நீண்ட கழி முனையில் மாட்டிய கொக்கிக் கத்தியால் அறுப்பார்கள். கத்தியின் உள்வளைவில் மட்டும்தான் கூர். முனை மழுங்கல், தோலைக் குத்தாது. எல்லோருக்கும் தலைக்கவசம். எந்தச் சுற்றை முதலில் அறுப்பது என்று முடிவு செய்ய மட்டும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மீன்பிடிப் படகின் வேலை அதுவரை துணைக்கு நிற்பது. நூறு மீட்டர் தள்ளி, எஞ்சின் மெதுவாக, பார்வையிலிருந்து விடாமல். ஜிபிஎஸ் நிலை, போகும் திசை, கயிறின் நிறம், உடம்பில் எங்கெங்கே சுற்று, மூச்சுக்கு மூச்சு இடைவெளி எவ்வளவு. செல்போன் படம் இரண்டு பக்கமும். ஆளில்லாமல் விட்டுப் போனால் அந்தத் திமிங்கலத்தை மறுபடி கண்டுபிடிப்பது அரிது.

"வலை போனா யாரு தருவா?" அடுத்த கேள்வி. மகாராஷ்டிரத்தில் 2018 டிசம்பரிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. அம்மணி உளுவை என்கிற திமிங்கலச் சுறா, ஆமை, ஓங்கில் மாதிரி பாதுகாக்கப்பட்ட உயிர் சிக்கி, வலையை அறுத்து உயிரோடு விட்டால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. அறுக்கும்போதும் விடும்போதும் எடுத்த படமோ வீடியோவோ வேண்டும்.

இவர்களுக்குக் கைமேல் பலன் தரக்கூடியது இன்னொன்று. பாகிஸ்தான் மீனவர்கள் இதே அரபிக்கடலில், இதே மாதிரி சூரை வழிவலையில் செய்து பார்த்தது. ஓங்கில் மூச்சுவிட மேலே வரும். இரவில் மேல்மட்டத்திலேயே திரியும். வலையின் மேல்கயிறு நீர்மட்டத்தை ஒட்டி நின்றால் நேராக முட்டும். மிதவைக்கும் மேல்கயிறுக்கும் நடுவே துண்டுக் கயிறு கட்டி, வலையை 2 மீட்டர் கீழே இறக்கினார்கள். ஓங்கில் சிக்குவது பெருமளவு குறைந்தது. சூரை வரத்தில் பெரிய அடி இல்லை. இதற்குப் புது எந்திரமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். மனசுக்கு இவ்வளவு தெம்பு தரும் செய்தி இந்தத் துறையில் அபூர்வம்.

ஸ்ராங்கு ஒன்றும் சொல்லவில்லை. மிதவையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படகில் பொங்கிய கட்டன்சாயா எல்லோருக்கும் வந்தது.

செப்டம்பர் 10, பாவுச்சா தக்கா

துறைமுகத்தின் எதிர்க்கரையில், உரண் பக்கம் இருக்கும் மோராவுக்கு லாஞ்சு ஒன்பது மணிக்கு என்றார்கள். வற்று நேரம், மோராப் பக்கம் சேறு தெரிந்தால் படகு அணைக்க முடியாது. பன்னிரண்டேகால் ஆயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு உரண்காரர் செய்தித்தாளை நாலாகக் கிழித்து எல்லோருக்கும் உட்கார விரித்துக் கொடுத்தார். வடாபாவ் 20 ரூபாய், பச்சை மிளகாய் இலவசம்.

துறைமுகத்துக்குள் போனதும் இரண்டு பக்கமும் கப்பல்கள். தூரத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். நூறு அடி தள்ளி ஒரு கண்டெய்னர் கப்பல், முகப்பின் அடியில் இருக்கும் குமிழ்மூக்கு நீர்மட்டத்துக்கு மேலே பாதி தெரிய நின்றது. திமிங்கலத்தின் மேல் மோதுவது அந்த மூக்குதான். முன்னூறு மீட்டர் கப்பலில் மாலுமிக்கு அநேகமாக மோதியதே தெரியாது. துறைமுகம் வந்த பிறகு மூக்கில் சடலம் தொங்குவதைக் கரையில் இருப்பவர்கள் பார்த்துச் சொன்னது உண்டு.

இவ்வளவு இரைச்சலோடு வரும் கப்பலைத் திமிங்கலம் கேட்டு விலகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரைச்சல் பிறப்பது பின்னால், சுழலியில். நீண்ட உடல் அதை மறைக்கிறது. நேர் முன்னால், மேல்மட்டத்தில், சத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. நீலத்திமிங்கலம் கப்பலைக் கண்டால் பக்கவாட்டில் ஓடுவதில்லை; மெதுவாகத் தாழ்கிறது, அவ்வளவுதான். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் கப்பல் ஒரு கிலோமீட்டரை 97 விநாடியில் கடக்கும். 10 நாட்டில் 194 விநாடி. அந்தக் கூடுதல் ஒன்றரை நிமிடத்தில் தாழ்ந்துவிட முடியும்.

அடியின் கனமும் வேகத்தைப் பொறுத்தது. 15 நாட்டுக்கு மேல் மோதினால் பிழைப்பது அரிது, 11.8 நாட்டுக்குக் கீழே சாவதற்கான வாய்ப்பு பாதிக்கும் குறைகிறது. இதை வைத்துத்தான் அமெரிக்கா 2008 டிசம்பரில் தன் கிழக்குக் கரையில், ரைட் திமிங்கலம் நடமாடும் பருவத்தில், 65 அடிக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 10 நாட் கட்டுப்பாடு போட்டது. வட அட்லாண்டிக்கில் அந்த இனம் 400க்கும் குறைவாகத்தான் மிச்சம்.

வேகத்தைக் குறைப்பதைவிடப் பாதையை விலக்குவது மேல், விலக்க இடமிருந்தால். 2003ல் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் சர்வதேச கடல்சார் அமைப்பு கப்பல் தடத்தையே நகர்த்தியது. நமக்குப் பக்கத்தில் இலங்கையின் தென்முனை, தேவேந்திரமுனை. இங்கிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். கரைமேடை சட்டென்று ஆழத்துக்குச் சரியும் அந்த விளிம்பில் நீலத்திமிங்கலங்கள் மேய்கின்றன, தடம் அதே விளிம்பின் மேல் போகிறது. தடத்தை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வு சொல்கிறது. எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022ல் தன் கப்பல்களைத் தானாகவே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. ஆனால் வரைபடத்தில் அச்சான தடத்தை மாற்ற, கரைக்கு உரிய நாடுதான் கடல்சார் அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற நாடுகளும் அறிவியலாளர்களும் எவ்வளவு சொன்னாலும் அந்த விண்ணப்பத்தை எழுத முடியாது. சர்வதேசப் பாதுகாப்பு தடுக்கி விழும் இடம் இந்த மாதிரிப் படிகள்தான். கோபம் வருகிறது.

மோதியது தெரிந்தால் கப்பல்காரர் மறைக்க வேண்டியதில்லை. நேரம், இடம், வேகம், மூக்கின் படம்: திமிங்கல ஆணையத்தின் மோதல் பதிவேட்டில் சேர்க்கலாம். பதிவு குறைவாக இருப்பதால்தான் எந்தத் தடத்தை நகர்த்துவது என்ற பேச்சே தள்ளிப்போகிறது.

மோராவில் வறுத்த பொம்பில், அரிசி பாக்ரி, 180 ரூபாய். திரும்பும்போது மழை வெறித்திருந்தது.

செப்டம்பர் 11, ஜுஹு

குடை முதல் காற்றிலேயே திரும்பிக்கொண்டது. மணலில் பிளாஸ்டிக்கும், மழைக்காலத்தில் வழக்கமாக ஒதுங்கும் தார் உருண்டைகளும். சுட்ட சோளம் 40 ரூபாய், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் அழுத்தித் தேய்த்துத் தருகிறார்கள்.

2016 ஜனவரியில் பிரைட் திமிங்கலம் ஒன்று செத்து ஒதுங்கியது இங்கேதான். கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அதே மாதம் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறியதைத் தெற்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அலிபாக் அருகே ரேவ்தண்டாவில் 2015 ஜூனில் ஒதுங்கியது உயிரோடு இருந்தது; மணிக்கணக்கில் பாடுபட்டும் பிழைக்கவில்லை.

கடற்கரைக் காவலர்களிடம் பேசினோம். உயிரோடு ஒதுங்கினால் வாலைக் கட்டி இழுக்கவே கூடாது, தண்டெலும்பு பிசகும். வயிறு கீழாக நிமிர்த்தி வைத்து, துடுப்புகளுக்கு அடியில் குழி பறித்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். நனைத்த துணி போர்த்தலாம், மூச்சுத்துளையை மட்டும் விட்டுவிட்டு. அதில் ஒரு குவளைத் தண்ணீர் இறங்கினாலும் நுரையீரலுக்குப் போகும். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதுதான் காவலர்களுக்குப் பெரிய வேலை. தண்ணீரில் மிதக்கும் உடம்பு மணலில் தன் பாரத்தாலேயே நசுங்குகிறது. சிதைந்த தசையிலிருந்து கசியும் நஞ்சு சிறுநீரகத்தை அடைக்கிறது. அடுத்த ஏற்றத்தில் தள்ளிவிட்ட திமிங்கலம் மறுநாள் செத்து ஒதுங்குவது இதனால்தான். பெரிய உடம்புக்கு நேரம் இன்னும் குறைவு.

செத்ததானால் வயிறு ஊதியிருக்கும். மேலே ஏறுவதும் வயிற்றில் கத்தி வைப்பதும் ஆபத்து. கையுறை, முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. அளவு எடுக்கும்போது நாடாவை உடம்பின் வளைவோடு ஒட்டாமல், தாடை நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். தலையின் மேல் மூன்று மேடுகள் இருந்தால் பிரைட். தோலில் விரல்நுனி அளவு எடுத்து 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும். கப்பல் அடித்ததா என்று பார்க்க எலும்பு முறிவு மட்டும் போதாது. முறிவைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருந்தபோது பட்ட அடி. கட்டாமல் இருந்தால் மிதந்த பிணத்தின் மேல் மோதியது. இதைப் பார்க்காமல் அன்றே ஜேசிபியால் புதைத்துவிட்டால், ஏன் செத்தது என்பதும் அதோடு புதைந்துவிடுகிறது. கரையொதுங்கல்களுக்கான வழிகாட்டியை மத்திய அரசு 2021 ஜனவரியிலேயே வெளியிட்டிருக்கிறது. கடற்கரைக் காவல் சாவடியில் அதன் ஒரு பக்கச் சுருக்கம் தொங்கினால் நன்றாக இருக்கும்.

ஒரு காவலர் எல்லாவற்றையும் மராத்தியில் தன் கைபேசியில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று படித்தும் காட்டினார்.

செப்டம்பர் 12, சயன்

தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, குர்லாவுக்கு முன்னால் லோக்கல் முக்கால் மணி நேரம் நின்றது. பெட்டிக்குள் ஒரு அம்மா சப்பாத்தியும் ஊறுகாயும் பக்கத்து நாலு பேருக்குப் பகிர்ந்தார். வேண்டாம் என்றால் விடுவதாக இல்லை.

தாராவியில் அண்ணாச்சி கடையில் இட்லி 4, வடை 1, 60 ரூபாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்ராங்கின் அழைப்பு. துண்டுக் கயிறு என்ன பருமன், எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவருடைய வலையில் 300 மிதவை. முடிச்சுக்கு அரை மீட்டர் சேர்த்து ஒன்றுக்கு இரண்டரை மீட்டர். மொத்தம் 750 மீட்டர். 6 மில்லி பாலிப்ரோப்பிலீன் கயிறு நூறு மீட்டர் 1.7 கிலோ, ஆக 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் 2,600க்குள் முடியும். ஈரத்தில் இந்தக் கயிறு வழுக்கும். ஒற்றை முடிச்சு நிற்காது, இரட்டையாகப் போட்டு நுனியை நூலால் கட்டிவிட வேண்டும்.

முழு வலையையும் இறக்க அவருக்கு மனசில்லை. சூரை குறைந்தால் பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் பாதி வலை இரண்டு மீட்டர் கீழே, பாதி பழையபடி என்று பேசி முடித்தோம். இரண்டு பாதியிலும் வரும் மீனைத் தனித்தனியாக எடை போட்டு, எந்தப் பாதியில் ஓங்கில் முட்டியது என்பதையும் சேர்த்து எழுதி வைக்க ஐஸ் உடைக்கும் பையனை ஏற்பாடு செய்திருக்கிறார்.